மொட்டைமாடி அறையின் ஏழு யூனிட்

வன்னியபெருமாள் அண்ணாச்சிக்குக் காலையில் இரண்டு வேலைகள். துறைமுகச் சாலையில் இருக்கும் கப்பல் சாமான் கடையை மகன் பாலகணேஷ் நேரத்துக்குத் திறந்துவிட்டானா என்று போன் போட்டுக் கேட்பது ஒன்று. மருமகள் ஐஸ்வர்யாவின் ஏசியை அணைப்பது இன்னொன்று.

அறைக்குள் போய் அணைக்க மாட்டார். அது மரியாதையாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில் உள்ள மெயின் போர்டில் அந்த அறைக்கான சுவிட்சைக் கீழே தட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். ஐஸ்வர்யா வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவள். அமெரிக்காவில் யாருக்கோ பித்தப்பையை எடுத்த விவரத்தை அவள் எண்களாக மாற்றிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர், ஃபேன், ஏசி மூன்றும் ஒன்றாக உயிரை விடும்.

"மாமா, கரண்ட் போயிட்டா?"

"போயிருக்கும். நான் என்னத்தக் கண்டேன்."

மே மாதம் கரண்ட் பில் போனில் வந்து விழுந்தது. இரண்டு மாதத்துக்கு ஆயிரத்து நூற்றெண்பது யூனிட். அண்ணாச்சி அதைக் கூடத்தில் நின்று சத்தமாக வாசித்தார்.

"இவ இந்த வீட்டுக்கு வாரதுக்கு முன்னால அறுநூத்திச் சொச்சம். இப்ப ஆயிரத்தி நூத்தி எம்பது. நான் யாரையும் குத்தம் சொல்லல. கணக்கு சொல்லுது."

ஐஸ்வர்யா கல்யாணமாகி வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதங்களில் பேசாமல் இருந்தாள். பிறகு ஏசியை அணைத்துவிட்டு, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்துப் பார்த்தாள். அந்த இரண்டு மாதமும் பில் நூற்றைம்பது யூனிட்தான் குறைந்தது. அதைச் சொன்னபோது அண்ணாச்சி, "அப்ப கம்ப்யூட்டரு திங்கி," என்று தீர்ப்பை மாற்றி எழுதினார்.

அந்தப் பதினான்கு மாதத்துக்கு வேறொரு கதையும் உண்டு. கல்யாணம் நடந்த அதே மாதத்தில் அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பயத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "திருச்செந்தூரா, என்னய எழுப்பி விட்டுரு, இனிம மீனத் தொடவே மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். முருகன் மீனைக் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. சிகரெட்டையும் ஆட்டுக்கறியையும் விடச் சொன்னவர், மீன் தாராளமாகச் சாப்பிடலாம் என்றே எழுதிக் கொடுத்தார். ஆனால் மனைவி பகவதி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் ஓடிவந்து அத்தனையையும் கேட்டுவிட்டாள். அவர் கண்விழிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. போதாததற்கு அவர் தெரு நலச் சங்கத் தலைவர் வேறு. எனவே அண்ணாச்சி வேறு வழியில்லாமல் பக்திமான் ஆனார். கல்யாண வீடுகளில் மீன் குழம்பு வாளி வரும்போது இலையின்மேல் கையைக் குறுக்கே நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

பில் வந்த வாரம் சங்கக் கூட்டத்தில் கிருபை என்ற பெண் பத்து நிமிடம் பேசினாள். முப்பத்து நான்கு வயது, எலக்ட்ரிக்கல் படித்தவள். சுவிட்ச்போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தாள். சோதிக்காத பேனலுக்குச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்று வெளியே வந்தவள், இப்போது வீடு வீடாகப் போய் எனர்ஜி ஆடிட் செய்கிறாள். 'ஆடிட்' என்று சொன்னதும் வருமானவரி என்று நினைத்துப் பின்வரிசையில் நான்கு பேர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்களிடம், எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எங்கே வீணாகிறது என்று அளந்து எழுத்தில் கொடுப்பேன் என்றாள்.

அண்ணாச்சிக்கு 'எழுத்தில்' என்ற சொல் பிடித்திருந்தது. மருமகள் குற்றத்தை ஒரு இன்ஜினியர் கையெழுத்தோடு சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடலாம்.

"திங்கக்கிழம என் வீட்டுக்கு வா. சரியாச் செஞ்சேன்னா சங்கத்துல நாப்பது வீடு இருக்கு. நான் சொன்னாச் செய்வாவ," என்றார்.

கிருபை அதுவரை மூன்று வீடுகள்தான் பார்த்திருந்தாள். அதில் இரண்டு சொந்தக்காரர்கள் வீடு. நாற்பது என்று கேட்டதும் வீட்டுக்குப் போய், வயரில் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தவள் முதலில் சமையலறை ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தாள். தாள் வெண்ணெயில் வைத்ததுபோல் வழுக்கி வந்தது. "ரப்பர் போயிட்டும்மா. குளுர்ச்சி இது வழியா வெளிய போவுது," என்றாள். தண்ணீர் மோட்டார் இருபது நிமிடத்தில் நிரப்ப வேண்டிய தொட்டியை ஒரு மணி நேரம் நிரப்புகிறது என்றாள். கடைசியாக ஐஸ்வர்யாவின் அறைக்கு வந்தாள். அண்ணாச்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கிருபை ஏசியின் வயரில் மீட்டரை மாட்டினாள். பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தாள்.

"நல்ல ஏசி. ரூமு குளுந்ததும் தானா அடங்கிருது. இருவத்தாறுல வச்சிருக்காவ. ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்கு மேல போவாது அண்ணாச்சி."

"மிஷினு சரியாப் பாக்குதா?"

"பாக்குது."

"திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தாள். மீட்டருக்கு அண்ணாச்சி சங்கத் தலைவர் என்பது தெரியாததால் அதே எண்ணைக் காட்டியது.

பிறகு கிருபை வீட்டிலிருந்த அத்தனையையும் அணைக்கச் சொன்னாள். ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூட உருவச் சொன்னாள். ஃபேன் நின்றதும் நாலு பேர் உடம்பிலும் வேர்வை துளிர்த்தது. எல்லோரையும் வெளியே மின்வாரிய மீட்டரிடம் அழைத்துப் போனாள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல ஒண்ணும் ஓடல. ஆனா இது சிமிட்டுது. அப்ப எதுவோ ஓடுது," என்றாள்.

"நான் அப்பமே சொன்னேம்லா!" அண்ணாச்சி கையைத் தட்டினார். "பக்கத்து வீட்டுக்காரன் திருடுதான்!"

கிருபை உள்ளே போய் மெயின் போர்டில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தட்டினாள். பகவதி வெளியே நின்று விளக்கைப் பார்த்துச் சொன்னாள். ஒன்று, சிமிட்டுகிறது. இரண்டு, சிமிட்டுகிறது. மூன்று, அப்படியே. நான்காவதைத் தட்டியதும், "நின்னுட்டு, நின்னுட்டு!" என்று பகவதி கத்தினாள்.

நான்காவது சுவிட்சுக்கு மேல் ஒட்டியிருந்த தாளில் அண்ணாச்சியின் கையெழுத்தில் 'மாடி லைட்' என்று இருந்தது. கிருபை சுவிட்சை மறுபடி மேலே தட்டி, அந்த வயரில் மீட்டரை மாட்டிப் பார்த்தாள்.

"மாடியில எத்தன லைட் அண்ணாச்சி?"

"ஒண்ணு."

"ஒரு லைட்டு முந்நூறு வாட் இழுக்குமா?"

"கடக்காத்துலா. வயருல உப்புப் புடிச்சு ஒழுகும்," என்றார் அண்ணாச்சி. தூத்துக்குடியில் எந்தக் கோளாறுக்கும் உப்புக்காற்றைச் சொல்லலாம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

கிருபை மாடிக்கு ஏறினாள். அண்ணாச்சியும் பின்னாலேயே ஏறினார். தகரக் கூரை போட்ட அறை ஒன்று. கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. பழைய கப்பல் சாமான் கிடக்கிறது, சாவி கடையில் இருக்கிறது என்றார் அண்ணாச்சி. சாவி அவருடைய பர்ஸுக்குள் இருந்தது. கிருபை கதவில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வெப்பம் காட்டும் கேமராவைக் கதவின் அடிப்பக்கம் திருப்பினாள். திரை சிவந்தது. குளிர்பெட்டியின் கம்ப்ரசர் எப்படி உறுமும் என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணாச்சி, உள்ள ஃப்ரீசர் இருக்கு. தகரத்துக்கு அடியில, இந்த வெயில்ல, அது ஒரு நிமிசம் நிக்காம ஓடுது."

அண்ணாச்சி படிக்கட்டை எட்டிப் பார்த்தார். பெண்கள் இருவரும் கீழேதான் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, நீ நல்லாருப்ப. ரிப்போர்ட்டுல ஏசின்னு எழுதிரு. நாப்பது வீடும் உனக்குத்தான்."

கிருபைக்கு ஒரு நிமிடம் நாற்பது வீட்டு வாசலும் கண்ணில் தெரிந்தது. அடுத்த நிமிடம் பழைய கம்பெனி முதலாளி பேனாவை நீட்டிக்கொண்டு தெரிந்தார்.

"உள்ள என்ன வச்சிருக்கியன்னு நான் கேக்கல. அது உங்க வீட்டு விசயம். கரண்ட் எங்க போவுதுன்னு மட்டும் எழுதுவேன். ஒரு வாரத்துக்கு போர்டுல லாகர் மாட்டிட்டுப் போறேன். எந்த லைன்ல எவ்வளவு போவுதுன்னு நிமிசத்துக்கு நிமிசம் குறிச்சு வைக்கும். அது சொல்லுதத எழுதுவேன்."

தீப்பெட்டி மாதிரி இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டு, அடுத்த திங்கள் வருகிறேன் என்று போய்விட்டாள்.

அண்ணாச்சி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அது ஒற்றைப் பச்சைக் கண்ணால் அவரையே பார்த்தது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பெட்டி குறிப்பது ஓடுகிற கரண்டைத்தானே? ஓடாவிட்டால் என்னத்தைக் குறிக்கும்? மாடிக்குப் போய் ஃப்ரீசர் பிளக்கை உருவிவிட்டு வந்தார்.

ஃப்ரீசருக்குள் முப்பது கிலோ மீன் இருந்தது. அது மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதத்துக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், தருவைகுளத்தில் படகு வைத்திருக்கும் நண்பர் தேவதாசனிடம் சொல்லி முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தார். சீலா, விளமீன், பாறை, கணவாய். எல்லாம் கல்லுபோல் உறைந்து கிடந்தன. மூடியைத் திறக்காவிட்டால் ஒரு வாரம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அதைத் தேவதாசனிடம் போனில் சொன்னபோது அவர், "ஏலே வன்னியா, தகரத்துக்குக் கீழ வச்சிருக்க, வெளங்குமால? சவத்தத் தூக்கி வெளிய போடு," என்றார். அண்ணாச்சி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் பதினேழு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. சாயங்காலம் பூனைகள் வந்தன. மீன்வாடை தூத்துக்குடியில் யாருக்கும் புதிது இல்லை. துறைமுகத்திலிருந்து வரலாம், கருவாடு காயும் இடத்திலிருந்து வரலாம். அந்த ஊரில் அதற்கு விலாசம் கிடையாது. அந்த தைரியத்தில்தான் அண்ணாச்சி இத்தனை மாதம் வாழ்ந்தார். ஆனால் வியாழக்கிழமை எழுந்த நாற்றத்துக்கு விலாசம் இருந்தது. கதவு எண்ணும் இருந்தது. அந்தக் காலத்தில் முத்துச்சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்களாம். அப்போது இந்த ஊர் எப்படி நாறியிருக்கும் என்பது அன்று அந்தத் தெருவுக்கே விளங்கியது.

"எலி செத்துக் கெடக்கு," என்றார் அண்ணாச்சி. வீடு முழுக்க சாம்பிராணி போட்டார். சாம்பிராணியும் மீனும் சேர்ந்து புதுசாக ஒன்றாகி, வாடை இன்னும் கெட்டியானது.

"மாமா, இது எலி இல்ல. யானை செத்தாக்கூட இப்படி நாறாது," என்று ஐஸ்வர்யா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஏறினாள். தகர அறைக் கதவின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நீர் கசிந்து, மழைநீர்க் குழாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அத்தையைக் கூப்பிட்டாள். பகவதி வந்து பார்த்தாள். சாவி கேட்டாள். கடையில் இருக்கிறது என்றார் அண்ணாச்சி. பகவதி மகனுக்குப் போன் போட்டாள். சாவி கடையில் இல்லை என்றான் பாலகணேஷ்.

"அப்ப நம்ம கடையில இரும்பு வெட்டுத கத்திரி இருக்கும்லா, கப்பக்காரனுக்கு விக்கது. அத எடுத்துட்டு வா."

பாலகணேஷ் வந்து கதவை ஒருமுறை பார்த்தான், அப்பாவை ஒருமுறை பார்த்தான். பிறகு பூட்டை வெட்டினான்.

கதவு திறந்ததும் பூனைகள்தான் முதலில் உள்ளே போயின. அறையில் ஐஸ்கிரீம் கடைகளில் இருப்பதுபோல் நீளமான பழைய ஃப்ரீசர். மூடியின் ரப்பர் கிழிந்து தொங்கியது. பக்கத்தில் ஸ்டூலின்மேல் ஒரு மின்சார அடுப்பு, தோசைக்கல், மிளகாய்த்தூள் டப்பா, காய்ந்துபோன எலுமிச்சை மூடி. ஒரு தட்டு. டாக்டர் சொன்னார் என்று அண்ணாச்சி தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில் போன நடைப்பயிற்சி இதுதான்.

பகவதி ஃப்ரீசரைத் திறந்து பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தட்டுதான் வச்சிருக்கிய," என்றாள்.

அண்ணாச்சி தட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"நீங்க விரதம்னு நானும் பதினாலு மாசமா மீன வாயில வைக்கல. எங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துல எல்லாரும் சீலாக் குழம்பு ஊத்தித் திங்காவ, நான் தயிர் ஊத்தித் திங்கேன். அவிய முருகனுக்கு நேந்திருக்காவ, நான் திம்பேனான்னு சொல்லிட்டு. நான் நேரல. நான் ஒண்ணுஞ் சொல்லல. உங்களுக்காவ விட்டேன்."

"பகவதி, உனக்கும் ஒரு துண்டு வைக்கணும்னு பல நாளு நெனச்சேன்..."

"நெனச்சு?"

"சொன்னா நீ திட்டுவியே."

பகவதி சேலையால் மூக்கைப் பொத்தியிருந்ததால் அவள் அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. ஐஸ்வர்யா அத்தையின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். போகும்போது திரும்பி, "மாமா, கம்ப்யூட்டரும் இல்ல போலுக்கே," என்றாள்.

அன்று முழுக்க அண்ணாச்சியும் மகனும் வாளி வாளியாக இறக்கினார்கள். தேவதாசன் வேன் கொண்டுவந்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே அத்தனையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார். சங்கத் தலைவர் வீட்டு வாசலில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை கிருபை வந்தபோது வீட்டில் பினாயில் வாடை அடித்தது. லாகரைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான்காவது லைன் திங்கட்கிழமை ஆறே முக்கால் வரை மேசைபோல் நேராகப் போய், அங்கே கிணற்றில் விழுந்ததுபோல் செங்குத்தாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"ஒரு நாளைக்கு ஏழு யூனிட்டு அண்ணாச்சி. ரெண்டு மாசத்துக்கு நானூத்தி இருவது. ஓடிட்டு இருந்திருந்தாக்கூட, ஏதோ பழைய மோட்டாருன்னு சொல்லியிருக்கலாம். அணைச்சிட்டியளா, எவ்வளவு குறஞ்சுதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிட்டு."

ரிப்போர்ட் மூன்று பக்கம். நான்காவது லைனை நிறுத்துவது, ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாற்றுவது, மோட்டாரின் வால்வைச் சரிபார்ப்பது, ஐஸ்வர்யாவின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைக்கத் தட்டி கட்டுவது. மீன் என்ற சொல் எங்குமே இல்லை. அண்ணாச்சி இரண்டு முறை தேடிப் பார்த்தார். பிறகு தட்டிக்கு அளவெடுக்கத் தானே ஸ்டூலில் ஏறினார். கட்டி முடித்தபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஐஸ்வர்யா உள்ளே இருந்து, "நல்லாருக்கு மாமா," என்றாள். மெயின் போர்டு பக்கம் அவர் அப்புறம் போகவில்லை.

நாற்பது வீடு என்று அண்ணாச்சி வாயைத் திறக்கவே இல்லை. தேவையும் இருக்கவில்லை. அந்த வாரத்திலேயே கிருபைக்கு அந்தத் தெருவிலிருந்து பதினொரு போன் வந்தது. பதினொன்றும் பெண்கள். ஃபிரிட்ஜ், ஏசி பற்றிக் கேட்பதுபோல் ஆரம்பித்து, "எங்க வீட்டுலயும் அவிய ஒரு ரூமப் பூட்டியே வச்சிருக்காவ, அதையும் அந்த மிஷின வச்சுப் பாப்பியளா?" என்று முடித்தார்கள். கிருபை பொறுமையாக, அளப்பது கரண்ட் மட்டும்தான் என்று விளக்கினாள். அவர்கள் சரி சரி என்று சொல்லிவிட்டு நாள் குறித்துக்கொண்டார்கள். அவள் இன்னொரு லாகர் வாங்கினாள்.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. முதல் ஞாயிற்றுக்கிழமை பகவதி தானே மார்க்கெட்டுக்குப் போய்ச் சீலா வாங்கி வந்தாள். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நான்கு தட்டு எடுத்து வைத்தாள். மூன்றில் குழம்பு ஊற்றினாள். நான்காவதில் ரசம் ஊற்றி, ஒரு அப்பளத்தை வைத்தாள்.

"நேந்தது நீங்க. முருகன்ட்ட போயி மாத்திப் பேச எனக்கு முடியாது," என்றாள்.

அண்ணாச்சி ரசத்தைப் பிசைந்தார். பகவதி முதல் துண்டை முள் பார்த்து எடுத்து, கண்ணை மூடி மென்றாள். பதினைந்து மாதம் கழித்துச் சாப்பிடுகிறாள். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். பாத்திரத்தில் இருந்த நடுத்துண்டைக் கரண்டியால் எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதையும் முள் பார்த்து எடுத்தாள்.

சிறிது நேரம் கழித்து மெல்லக் கேட்டார். "மீனுதான தொட மாட்டேன்னேன். குழம்பு மட்டும் ஒரு கரண்டி ஊத்துனா என்ன?"

பாலகணேஷ் ஊற்றலாம் என்றான். ஐஸ்வர்யா, மீனின் சத்தெல்லாம் குழம்பில் இறங்கியிருக்கும், ஆகவே கூடாது என்றாள். பகவதி விரலைச் சப்பிக்கொண்டே, "எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கிய? கேக்க வேண்டிய எடத்துல போயிக் கேளுங்க," என்றாள்.

அண்ணாச்சி அன்று சாயங்காலமே திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, சந்நிதியில் மனதுக்குள் விஷயத்தை விளக்கமாகச் சொன்னார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தபோது பகவதி வாசலிலேயே கேட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"அப்ப ரசந்தான்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.